செம்மண் சாலைக்கு எத்தனை மில்லிமீட்டர்?



நம் கிளையின் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் டயரைப் பற்றியதுதான். "அண்ணே, 40 போதுமா, 45 வேணுமா?" "28 டயரோட வந்தா சேர்த்துக்குவீங்களா?" "கடையில 50 போடச் சொல்றாங்க, போடட்டுமா?" வாட்சாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த மாதம் இதையே ஒரு பாடமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சும்மா வாசித்துவிட்டுப் போகாதீங்க. உங்கள் சைக்கிள், ஒரு ஸ்கேல், 6 மி.மீ. ஆலன் கீ, இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டயருக்கு ஏன் இவ்வளவு பெரிய பாடம் என்று கேட்கலாம். முதல் காரணம் காசு. நம்மில் பாதிப் பேர் இன்னும் படிக்கிறார்கள், மீதிப் பேர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். புது கிரேவல் பைக் என்றால் சில ஆயிரம் வெள்ளி ஆகும். "கிரேவல் பைக் இல்லாதவன் தோட்டத்துக்குள்ளே வர முடியாது" என்று ஒரு பேச்சு குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் கிடக்கிற பழைய சைக்கிளுக்குச் சரியான டயர் போட்டாலே நாம் போகிற முக்கால்வாசி இடத்துக்குப் போய் வந்துவிடலாம்.

இரண்டாவது காரணம் உடம்பு. போன வருடம் மழை நின்ற காலை ஒன்றில், செம்பனைத் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது நம் தங்கை ஒருத்தி வழுக்கி விழுந்தாள். காறை எலும்பு உடைந்து, பல வாரம் கையைத் தூக்குத் துணியில் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினாள். அவள் டயர் 32. எல்லோரும் "சின்ன டயர், அதான்" என்றார்கள். அன்றே முன்சக்கரத்தை கேஜ் வைத்துப் பார்த்தேன், 85 பி.எஸ்.ஐ. கடையில் அடித்துக் கொடுத்த காற்று அப்படியே இருந்தது. ஈரச் செம்மண்ணில் 85 என்பது கல்லை உருட்டுகிற மாதிரி. அகலத்தையும் காற்றையும் பிரித்துப் பேசவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தாத்தாவின் சைக்கிள்

ஒரு சின்னச் செய்தி சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம்மில் பலருடைய தாத்தா, பாட்டி தோட்டத்து ஆட்கள். விடிவதற்கு முன்பே வெட்டுக்குப் போனவர்கள். லயத்தில் ஓரளவு வசதி வந்ததும் பலர் முதலில் வாங்கிய பெரிய பொருள் ஒரு கருப்பு சைக்கிள். கனமான இரும்பு ஃபிரேம், கம்பி பிரேக், பின்னால் கேரியர். அதில் மனைவி, பிள்ளை, அரிசி மூட்டை எல்லாம் ஏறும். அந்த ரகத்துப் பெரிய சைக்கிள்களின் டயர் அளவு 28 × 1½. இன்றைய அளவுமுறையில் அதை 40-635 என்று எழுதுகிறார்கள். அகலம் 40 மி.மீ.!

இப்போது விளம்பரத்தில் "கிரேவலுக்கு ஏற்ற அகலம்" என்று புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்கிற அதே 40. தார் போடாத ரோட்டில் சுமையோடு போக எது வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. இடையில் நாம்தான் பந்தய சைக்கிளைப் பார்த்து, மெல்லிய டயர் என்றால் வேகம் என்று நம்பத் தொடங்கினோம்.

ரப்பருக்கும் நமக்கும் உள்ள உறவும் இங்கேதான் வருகிறது. கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877-இல். பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து காப்புரிமை பெற்றது 1888-இல். அதற்குப் பிறகு உலகத்துக்கு எவ்வளவு ரப்பர் வேண்டியிருந்தது, அதை யார் வெட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. சரி, பாடத்துக்கு வருவோம்.

டயர் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது

டயரைத் துடைத்துவிட்டு ஓரத்தைப் பாருங்கள். 700 × 40சி என்று ஒன்று, 40-622 என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 622 என்றால் 700சி. மலை சைக்கிளில் 29 அங்குலம் என்று சொல்வதும் இதே 622-தான், பெயர் மட்டும் வேறு. 584 என்றால் 650பி, அதாவது 27.5 அங்குலம். தாத்தாவின் 635 வேறு ரிம், அந்த டயர் உங்கள் சக்கரத்தில் ஏறாது.

அகலம் என்று அச்சடித்ததும் வேதவாக்கு இல்லை. அதே டயரை அகலமான ரிம்மில் போட்டால் விரியும், குறுகலான ரிம்மில் போட்டால் ஒடுங்கும். 40 என்று எழுதியது 42 ஆகவும் நிற்கும், 38 ஆகவும் நிற்கும். வாங்கி மாட்டி, காற்றடித்து, ஒரு நாள் விட்டுப் பிறகு கேலிப்பர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஒரு கடையில் என்னிடம் "அதெல்லாம் அளக்க வேண்டியதில்லை பாஸ், எழுதியிருக்குல்ல" என்றார்கள். ஃபிரேமுக்கு எழுத்து தெரியாது.

அகலம் கூடினால் என்ன நடக்கிறது

இந்தப் பகுதி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் வகுத்தல்தான்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் 11 கிலோ, தண்ணீரும் பையும் 4 கிலோ, மொத்தம் 85. உட்கார்ந்து மிதிக்கும்போது ஏறக்குறைய 55 விழுக்காடு எடை பின்சக்கரத்தில் விழும், அதாவது 47 கிலோ. டயருக்குள் 90 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரும் சுமார் 6.3 கிலோவைத் தாங்குகிறது. 47-ஐ 6.3-ஆல் வகுத்தால் ஏழரை சதுர செ.மீ. நம் 50 சென் காசு இரண்டை ஒட்டி வைத்தால் வருகிற பரப்புக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் உடம்பில் பாதிக்கு மேற்பட்ட எடை அந்த இரண்டு காசு மேல்தான் நிற்கிறது.

அதே ஆள் 40 பி.எஸ்.ஐ.யில் போனால் ஒரு சதுர செ.மீ. தாங்குவது 2.8 கிலோ. தரையைத் தொடும் பரப்பு சுமார் 17 சதுர செ.மீ. இப்போது நாலு காசு. ரப்பரின் இறுக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும், ஆனாலும் படம் இதுதான். பிடிப்பு இரண்டு மடங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உதிரிக் கல் மேல் போகும்போது, ஒரு கல்லின் தலையில் மட்டும் நிற்காமல் பக்கத்தில் உள்ள நாலைந்து கல்லையும் சேர்த்துப் பிடிக்கிறது. கல்லைத் தூக்கி எறியாமல் கல் மேல் படிந்து போகிறது.

"அப்படின்னா 28 டயரிலேயே காற்றைக் குறைச்சிட்டுப் போகலாமே?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 28-இல் ரிம்முக்கும் தரைக்கும் இடையே உயரம் இல்லை. 40 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு கல்லில் மோதினால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். அகலம் கூடும்போது உயரமும் கூடுகிறது. 28-லிருந்து 40-க்குப் போனால் உள்ளே இருக்கும் குறுக்குப் பரப்பு இரண்டு மடங்காகிறது. அந்த இடம் இருப்பதால்தான் காற்றைக் குறைக்க முடிகிறது. அகலத்தின் முதல் பலன் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் 45 டயர் வாங்கி அதில் 70 அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு வீண். இன்னும் சொல்லப்போனால், ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயரின் தோல்தான் அதிகம் இறுகும். 28-இல் 80 பி.எஸ்.ஐ. எவ்வளவு இறுக்கமோ, 40-இல் 56 வைத்தாலே அவ்வளவு இறுக்கம். 40-இல் 80 அடித்தால் முன்பைவிட மோசமாகக் குதிக்கும்.

வேகம் குறையாதா என்பது அடுத்த சந்தேகம். வழவழப்பான தாரில், நல்ல டயர் என்றால், நாம் போகிற 22, 25 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் சொற்பம். கரடுமுரடான ரோட்டிலோ கணக்கு தலைகீழ். சைக்கிள் குதிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் சதை, வயிறு, தோள் எல்லாம் குலுங்கி, நீங்கள் மிதித்த சக்தியைத் தின்றுவிடுகிறது. சியாட்டில் நகரத்து யான் ஹைனே நடத்தும் பைசிக்கிள் குவார்ட்டர்லி இதழ், நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுக் கோடுகள் மேல் ஓட்டி சக்தியை அளந்து இதைக் காட்டியது. அதற்கெல்லாம் போக வேண்டாம். கல் ரோட்டில் ஒரு மணி நேரம் போய்விட்டு உங்கள் கை மரத்துப் போகிறதா என்று பாருங்கள், போதும்.

ஃபிரேம் எவ்வளவு விடும்

ஆசைப்பட்ட அகலத்தை வாங்க முடியாது, ஃபிரேம் விடுகிற அகலத்தைத்தான் வாங்க முடியும். அளக்க வேண்டிய இடம் மூன்று. பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓடும் கீழ்க்குழாய்களின் நடுவே, பெரும்பாலும் இங்கேதான் மிகவும் குறுகலாக இருக்கும். அடுத்தது சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்தின் மேல் இருக்கும் குறுக்குப் பாலம். மூன்றாவது முன் ஃபோர்க்கின் உச்சி. மட்கார்டு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். ரிம்மைப் பிடிக்கும் சிறிய பந்தய பிரேக் என்றால் 28-க்கு மேல் பெரும்பாலும் போகாது, பிரேக்கே தடுக்கும். வி-பிரேக், டிஸ்க் பிரேக் சைக்கிள்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

கணக்கு இப்படி. இப்போது இருக்கும் டயரின் உண்மையான அகலத்தை அளந்து, இடப்பக்க இடைவெளி, வலப்பக்க இடைவெளி இரண்டையும் கூட்டுங்கள். அதிலிருந்து 12 கழியுங்கள். பக்கத்துக்கு 6 மி.மீ. நம் ஊர் மண்ணுக்காக விடுவது. ஆலன் கீ எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும், புது டயர் மாட்டிய பிறகு அந்த 6 மி.மீ. கீ இரண்டு பக்கமும் உரசாமல் உள்ளே போய் வர வேண்டும். டயர் அகலமாகும் அளவுக்கு ஏறக்குறைய உயரமும் ஆகும் என்பதால் மேலேயும் சோதியுங்கள்.

6 மி.மீ. அதிகம் என்று தோன்றினால் மழைக்குப் பிறகு தோட்டத்துச் செம்மண்ணில் ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006 முதல் நடக்கும் அன்பௌண்ட் என்கிற 200 மைல் கிரேவல் பந்தயத்தில், 2023-இல் தொடக்கத்திலேயே வந்த சேற்றுப் பகுதியில் பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், குச்சி வைத்துச் சேற்றைச் சுரண்டினார்கள். சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் களிமண் அடைத்தால் யாராக இருந்தாலும் அதே கதிதான். கார்பன் ஃபிரேமாக இருந்தால் மண்ணும் மணலும் சேர்ந்து குழாயை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும்.

ஒரு தம்பியின் கணக்கு

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, அவன் அண்ணன் விட்டுப்போன பழைய வி-பிரேக் சைக்கிளில் வருகிறான். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன். ஒரு கடையில் "இதுல தோட்டத்துக்குப் போக முடியாது, புதுசு வாங்கு" என்று விலைப்பட்டியலைக் காட்டியிருக்கிறார்கள். அவன் அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது.

ஐந்தடியில் உட்கார்ந்து அளந்தோம். டயர் மேல் 32 என்று இருந்தது, உண்மையில் 33. இரண்டு பக்கமும் 8 மி.மீ. இடைவெளி. மொத்தம் 49, அதில் 12 போனால் 37. ஆக, 35 என்று எழுதிய டயர் தாராளமாகப் போகும், 38 ஆபத்து. முன் ஃபோர்க்கில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்ததால் முன்னால் 38, பின்னால் 35 என்று முடிவு செய்தோம். முன் டயர் வழுக்கினால் விழுவது நிச்சயம் போல, பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் அகலம் கிடைக்கும் என்றால் அதை முன்னால் கொடுங்கள்.

அவன் எடை 58 கிலோ. டியூப் போட்டு முன்னால் 36, பின்னால் 44 பி.எஸ்.ஐ. வைத்தோம். இரண்டு டயரும் டியூபும் சேர்த்து, புது சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது கேரித் தீவு பக்கம் போகும்போது எங்களில் சிலருக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டு, "எங்கே அண்ணே இன்னும் காணோம்?" என்று கேட்கிறான்.

அவனுக்குச் சரியானது 92 கிலோ எடையுள்ள நம் இன்னொரு நண்பருக்குச் சரி வராது. அவர் அதே ரோட்டில் 35 போட்டால் ரிம் அடிபடாமல் இருக்க 65-க்கு மேல் காற்று வைக்க வேண்டும், வைத்தால் கல்லில் குதிப்பார். அவருக்கு 45-தான். "அவன் என்ன போட்டிருக்கான்?" என்று பார்த்து வாங்காதீங்க என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காக.

நம் சாலைகள்

ஊருக்கு ஊர் ரோடு வேறு. குண்டும் குழியுமான கம்பத்துத் தார் ரோடு மட்டும் என்றால் 32 போதும், 35 சொகுசு. செகிஞ்சான் பக்கத்து வயல்வெளியில் நீர்க்கால்வாய் ஓரமாகப் போகும் நேர்ச்சாலைகள் இறுகிய மண்ணும் பொடிக்கல்லும், அங்கே 35 முதல் 40. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடுதான் நம் குழுவுக்கு நிரந்தர இடம். குலை ஏற்றிய லோரியும் டிராக்டரும் போய்ப் போய் நடுவில் மேடு, இரண்டு பக்கம் தடம், சில இடத்தில் கடல் அலை மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன மேடு. இதற்கு என் பதில் 40, எடை கூடியவர்களுக்கு 45.

கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன வெள்ளை மணல் வேறு ரகம். மணலில் டயர் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கக் கூடாது, மேலே மிதக்க வேண்டும். அங்கே 45-உம் சிரமப்படும், 50 இருந்தால் நல்லது. புதிதாகக் கொட்டிய கிரஷர் கல்லும் அப்படித்தான்.

போகிற வழியில் மிக மோசமான துண்டு எதுவோ அதற்கு ஏற்ற டயர் வாங்கு என்று சிலர் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தத் துண்டு பயணத்தில் கால்வாசி என்றால் சரி. அரைக் கிலோமீட்டர் மணலுக்காக மீதி 40 கிலோமீட்டரும் கனமான 50 டயரைச் சுமக்க வேண்டாம். இறங்கித் தள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். நம் பயணங்களில் வீட்டிலிருந்து தோட்டத்து வாசல் வரைக்குமே 10, 15 கிலோமீட்டர் தார் ரோடு இருப்பதை மறக்கக் கூடாது.

பூவேலைப்பாடு பற்றிச் சுருக்கமாக: நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னக் குமிழ்கள் உள்ள டயர் நமக்குப் போதும். பெரிய குமிழ் தாரில் உர்ரென்று சத்தம் போட்டு வேகத்தைக் குறைக்கும். முழுக்க நனைந்த செம்மண் களிக்கு எந்தக் குமிழும் நீண்ட நேரம் உதவாது, இரண்டு நிமிடத்தில் குமிழ்களுக்கு நடுவே மண் அடைத்து வழவழப்பான டயராகிவிடும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால் நாம் காலையிலேயே கிளம்பிவிடுகிறோம். முந்தின நாள் மாலை கொட்டியிருந்தால் தோட்டத்துக்குள் போகாமல் கம்பத்து ரோட்டோடு நிறுத்திக்கொள்வதும் அதனால்தான். தோட்டம் தனியார் நிலம், காவல்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காக மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

முள்ளும் டியூப்லெஸும்

செம்பனை மட்டையின் அடிப்பக்கத்தில் வரிசையாக முள் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டை காய்ந்து ரோட்டோரம் கிடந்தால் அந்த முள் ஆணி மாதிரி. அகலமான டயர் என்பதால் பஞ்சர் ஆகாது என்று நினைக்காதீங்க. தரையைத் தொடும் பரப்பு கூடினால் முள்ளைச் சந்திக்கும் வாய்ப்பும் கூடும். மட்டை கிடக்கும் ஓரத்தை விட்டு லோரித் தடத்திலேயே போவது முதல் மருந்து.

இரண்டாவது, டியூப்லெஸ். உள்ளே இருக்கும் சீலண்ட் பால் சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும், நசுங்க டியூபும் இல்லை என்பதால் 5 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து ஓட்டலாம். 70 கிலோ எடைக்கு 40 டயரில் டியூப் என்றால் முன்னால் 35, பின்னால் 39 என்று நான் தொடங்குவேன், டியூப்லெஸ் என்றால் 30, 34. எடை 10 கிலோ குறைந்தால் 4 குறையுங்கள், கூடினால் 4 கூட்டுங்கள். இது தொடக்கப் புள்ளிதான். ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், சாதாரண ரிம்மில் டேப் ஒட்டிச் சோதனை செய்யாதீங்க. கொக்கி இல்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கக் கூடாது. நம் வெயிலில் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், ஊற்றிவிட்டு ஒரு வருடம் மறந்துபோகிறவர்கள் டியூபோடு இருப்பதே நல்லது. டியூப்லெஸ் போட்டாலும் பையில் ஒரு டியூப் வேண்டும்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, சக்கரத்தையே 650பி-க்கு மாற்றுவது. 584-உடன் இரண்டு பக்கம் 47 கூட்டினால் 678. 622-உடன் இரண்டு பக்கம் 28 கூட்டினாலும் அதே 678. அதாவது 700 × 28 போட்ட உயரத்திலேயே 47 அகலம் கிடைக்கும். கீழ்க்குழாய்களின் நடுவே அந்த அகலத்துக்கு இடம் இருந்தால்தான், அதையும் அளந்துவிட்டுத்தான். இன்னொரு சக்கர ஜோடி வாங்கும் செலவு இருக்கிறது, ஆகையால் இதை முதல் வருடத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

டயர் மாற்றியதும் மீட்டரில் சுற்றளவையும் மாற்றுங்கள். 700 × 28-க்கு 2136 மி.மீ., 35-க்கு 2168, 40-க்கு 2200. மாற்றாவிட்டால் 100 கி.மீ. போய்விட்டு 97 என்று காட்டும், பிறகு குழுவில் சண்டை வரும்.

செய்து பாருங்கள்

வீட்டுப் பக்கத்தில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கல் ரோடு தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன தொடக்க எண்ணைவிட 10 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்துக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். பிறகு 5 குறைத்து ஒரு முறை, இன்னும் 5 குறைத்து ஒரு முறை, கடைசியாக அதிலிருந்து 3 குறைத்து ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மிதியுங்கள், போட்டி போடாதீங்க. நேரத்தைக் குறியுங்கள், கை மரத்ததா, வளைவில் முன்சக்கரம் நழுவியதா, ரிம் கல்லில் "டக்" என்று அடித்ததா என்பதையும் எழுதுங்கள். ரிம் அடித்த எண்ணுக்கு மேலே 3, 4 பி.எஸ்.ஐ.தான் உங்கள் எண். அந்த எண்ணில் உங்கள் டயர் இன்னும் கல் கல்லாகக் குதித்தால், அப்போதுதான் அகலம் போதவில்லை என்று அர்த்தம், அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

உங்கள் எடை, டயரின் உண்மை அகலம், மூன்று இடத்து இடைவெளி, கடைசியில் பிடித்த காற்று எண், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். எல்லோருடையதையும் ஒரே அட்டையில் எழுதி மண்டபத்தில் ஒட்டி வைப்போம், புதிதாக வருபவர்கள் தங்கள் எடைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளலாம். கேஜ் வைத்த பம்ப் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்க, மண்டபத்து ஸ்டோரில் ஒன்று இருக்கு. சாவி என்னிடம்தான்.